0.04 சதவீத வாயு பூமியைச் சூடாக்குமா?

கேள்வி – 2 மார்ச் 2025

காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறில் நாலு. இந்த நாலு சேர்ந்து மீதி 9,996-ஐயும் சூடாக்குகிறது என்று நம்பச் சொல்கிறார்கள். இன்னொன்று, அந்த வாயு உறிஞ்ச வேண்டிய கதிரை ஏற்கெனவே முழுசாக உறிஞ்சிவிட்டது, இனி எவ்வளவு சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று 1900-லேயே ஒரு சுவீடன் விஞ்ஞானி சோதனை செய்து காட்டியிருக்கிறாராம். தெரிந்தவர்கள் நேரடியாகப் பதில் சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம்.

2 மார்ச், இரவு

இதில் இருப்பது இரண்டு கேள்விகள். இரண்டாவதுதான் கஷ்டமானது, அதற்கு நிதானமாக எழுத வேண்டும். முதலாவதற்கு என் வேலையிலிருந்தே பதில் சொல்லலாம்.

அனல் மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தவன் நான். புகைபோக்கிக்குப் போகும் ஃப்ளூ கேஸில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்ட ஒரு அனலைசர் இருக்கும். ஒரு முனையில் சூடான கம்பி, அதிலிருந்து அகச்சிவப்புக் கதிர் வரும். நடுவில் ஒரு குழாய், வாயு அதன் வழியே ஓடும். மறுமுனையில் டிடெக்டர். வாயு எவ்வளவு கதிரை விழுங்குகிறதோ அதுதான் ரீடிங்.

கேலிபரேஷன் செய்யும்போது முதலில் ஜீரோ கேஸ் விடுவோம். ஜீரோ கேஸ் என்றால் நைட்ரஜன் சிலிண்டர். குழாய் முழுக்க நைட்ரஜன் நிரம்பியதும் முள் இறங்கி வந்து பூஜ்யத்தில் நிற்கும். சிலிண்டர் முழுவதையும் ஓட்டினாலும் அசையாது. அப்புறம் ஸ்பான் கேஸ், அதாவது நைட்ரஜனில் அளவு தெரிந்த கார்பன் டை ஆக்சைடு கலந்தது. வால்வைத் திறந்த சில வினாடிகளில் முள் ஏறத் தொடங்கும்.

பூமி வெளியிடும் வெப்பக் கதிருக்கு நம் காற்றின் 99 சதவீதம் ஜீரோ கேஸ்தான். நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். எதுவுமே செய்யாத அந்த 9,996-ஐ வகுக்கும் எண்ணாகப் போட்டு 0.04 என்று ஒரு விடை எடுப்பதில் பொருளில்லை. செய்கிறவை எத்தனை இருக்கின்றன என்பதுதான் கணக்கு.

3 மார்ச்

எத்தனை இருக்கின்றன என்றே கேட்டுவிட்டார் ஒருவர். நல்ல கேள்வி.

ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் காற்றின் எடை பத்து டன்னுக்குச் சற்று அதிகம். அதில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஆறரை கிலோ. அதைத் தனியாகப் பிரித்து, தரைமட்ட அழுத்தத்தில் சுத்தமான வாயுவாகப் பரப்பினால் மூன்று மீட்டருக்கும் அதிகமான தடிமன் வரும். ஒரு வீட்டின் தரையிலிருந்து கூரை வரை சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. எங்கள் அனலைசர் குழாயின் நீளத்தைச் சென்டிமீட்டரில்தான் சொல்வோம்.

ஓசோனையும் இதே மாதிரி பரப்பிப் பார்க்கலாம். வெறும் 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டர்தான் புற ஊதாக் கதிரிலிருந்து நம் தோலைக் காக்கிறது. ஓசோன் அவ்வளவு கொஞ்சமாக இருந்துகொண்டு எப்படித் தடுக்கும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

5 மார்ச்

கல்லூரி மாணவர் ஒருவர்: "சார், நைட்ரஜன் ஏன் விழுங்குவதில்லை?"

தம்பி, கதிர் என்பது அலையும் மின்புலம். மூலக்கூறு அதிரும்போது அதன் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் அந்தப் புலம் அதைப் பிடித்து ஆட்ட முடியும். நைட்ரஜனில் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள். இழுத்தாலும் நெருக்கினாலும் இரு பக்கமும் சமம். கார்பன் டை ஆக்சைடு மூன்று அணுக்கள் நேர்கோட்டில் நிற்பது. அது நடுவில் வளைந்து வளைந்து ஆடும்போது சாய்வு உண்டாகிறது. அந்த வளைவு ஆட்டத்துக்குரிய அலைநீளம் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூமி போன்ற வெதுவெதுப்பான பொருள் கதிர்வீசுவது ஏறக்குறைய 4 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரை, உச்சம் 10-ஐ ஒட்டி. 15 என்பது அந்த வீச்சின் கொழுத்த இடத்திலேயே விழுகிறது. வளிமண்டலத்தில் கொஞ்சமே உள்ள வாயுக்கள் எத்தனையோ இருக்க, இதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

5 மார்ச், பிறகு

மேலே எழுதியதோடு சேர்க்க வேண்டியது. பாய்லர், உலை வடிவமைப்பவர்களுக்கு இது பல தலைமுறைப் பழக்கம். தீக்கொழுந்து முடிந்த பிறகும் சூடான வாயு குழாய்களின்மேல் கதிர்வீசிக்கொண்டே போகும். அதைக் கணக்கிட அமெரிக்காவின் எம்ஐடியில் ஹாட்டெல் என்ற பொறியாளர் 1930-களிலிருந்து வரைபடங்கள் போட்டுக் கொடுத்தார். கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று. நைட்ரஜனுக்கு வரைபடம் கிடையாது, தேவைப்படவில்லை. அவர்கள் பருவநிலையைப் பற்றி யோசித்தவர்கள் இல்லை. குழாய் உருகாமல் இருக்க வேண்டும், அதுதான் அவர்கள் கவலை.

9 மார்ச்

இப்போது அந்த சுவீடன் விஞ்ஞானி. பெயர் நட் ஆங்ஸ்ட்ராம். அலைநீள அலகுக்குப் பெயர் தந்த ஆங்ஸ்ட்ராமின் மகன். 1896-இல் ஆரேனியஸ் என்ற சுவீடன் வேதியியலாளர், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பூமி ஐந்தாறு டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டு வெளியிட்டார். ஆங்ஸ்ட்ராம் 1900-இல் அதை மறுத்தார். அவருடைய உதவியாளர் ஒரு குழாயில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, வெப்பக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். வாயுவின் அளவைக் குறைத்த பிறகும் மறுமுனைக்கு வந்த கதிர் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே உறிஞ்ச வேண்டியதை இருக்கிற வாயுவே உறிஞ்சிவிட்டது, கூட்டினாலும் குறைத்தாலும் வித்தியாசம் வராது என்று முடிவு கட்டினார்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலானவர்கள் அதையே நம்பினார்கள்.

சோதனை செய்தவர்கள் நேர்மையானவர்கள். அந்தக் குழாய் பூமியின் காற்றைப் போன்றது என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் சிக்கல்.

குழாயில் இந்த முனையும் அந்த முனையும் ஒரே வெப்பம், ஒரே அழுத்தம். காற்று மண்டலம் அப்படி இல்லை. மேலே போகப் போகக் குளிரும், சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி. மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் ஊட்டியில் இறங்கும்போது ஸ்வெட்டரைத் தேடுவது இதனால்தான். முழு விஷயமும் இந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பூமி சூரியனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வெப்பம், பிரதிபலித்தது போக, உலக சராசரியில் சதுர மீட்டருக்கு 240 வாட். அதே 240 வாட்டை விண்வெளிக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். 240 வாட் கதிர்வீச ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஆனால் தரையின் சராசரி வெப்பம் 15 டிகிரி. இடையில் 33 டிகிரி.

அந்த மைனஸ் 18 எங்கே இருக்கிறது? 33-ஐ ஆறரையால் வகுத்தால் ஐந்து. தலைக்கு மேலே ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமியின் வெப்பம் சராசரியாக அந்த உயரத்திலிருந்துதான் வெளியே போகிறது. தரை வீசும் கதிரில் பெரும்பங்கை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வழியிலேயே விழுங்கி, தங்கள் வெப்பத்துக்கு ஏற்பத் திரும்ப வீசி, அதை மேலே இருப்பவை விழுங்கி, இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிறது. காற்று மெலிந்து இனி விழுங்க ஆளில்லை என்று ஆகும் உயரத்தில்தான் கதிர் தப்பித்து வெளியேறுகிறது.

இப்போது கார்பன் டை ஆக்சைடைக் கூட்டுங்கள். விழுங்க ஆளில்லாத அந்த உயரம் இன்னும் மேலே போகிறது. மேலே என்றால் குளிர். குளிர்ந்தது குறைவாகத்தான் கதிர்வீசும். உள்ளே வருவது அதே 240, வெளியே போவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மிச்சப்படும் வெப்பம் தங்குகிறது. கடலும் தரையும் காற்றும் மெதுவாகச் சூடேறி, அந்தப் புதிய உயரம் மைனஸ் 18-ஐத் தொடும் வரை இது நிற்காது. கதிர் தப்பிக்கும் உயரம் சராசரியில் 150 மீட்டர் ஏறினால் போதும், தரையில் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடிவிடும்.

ஆகவே தரைக்குப் பக்கத்தில் 15 மைக்ரான் கதிர் முழுசாக விழுங்கப்படுகிறது என்பது உண்மைதான். சில மீட்டர்களிலேயே விழுங்கப்பட்டுவிடுகிறது. அதனால் முடிவு மாறாது. முடிவு செய்யப்படுவது மேலே.

10 மார்ச்

நேற்று எழுதியது நீண்டுவிட்டதால் ஒன்றை விட்டுவிட்டேன். ஆங்ஸ்ட்ராமுக்கு இந்தப் பதிலை அப்போதே, 1901-லேயே, இன்னொரு சுவீடன்காரர் எழுதியிருந்தார். நீல்ஸ் எக்ஹோம், வானிலை ஆய்வாளர். பூமியின் வெப்பம் தரையிலிருந்து நேராக வெளியேறுவதில்லை, உயரத்தில் உள்ள ஒரு அடுக்கிலிருந்து வெளியேறுகிறது, காற்று அதிகம் உறிஞ்ச உறிஞ்ச அந்த அடுக்கு மேலே போகும், அதனால் தரை சூடாகும் என்று தெளிவாகவே எழுதினார். கண்டுகொண்டவர்கள் குறைவு.

இந்த எக்ஹோமைப் பற்றி இன்னொரு செய்தி. 1896-இல் ஆந்த்ரே என்பவர் பலூனில் வடதுருவம் போகக் கிளம்பியபோது உடன் போக இருந்தவர்களில் இவரும் ஒருவர். காற்று சாதகமாக வீசாததால் அந்த வருடம் பயணம் நடக்கவில்லை. பலூன் வாயுவைக் கசியவிடுகிறது, இது தாங்காது என்று எக்ஹோம் அளந்து சொல்லி விலகிக்கொண்டார். 1897-இல் ஆந்த்ரேயும் வேறு இருவரும் போனார்கள். பலூன் மூன்றே நாளில் பனிமேல் இறங்கிவிட்டது, மூவரும் இறந்தார்கள். அளவீட்டை மதிக்கிற மனிதர் எக்ஹோம். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

விஷயம் உறுதியானது 1950-களில். மேல்காற்றில் அகச்சிவப்புக் கதிர் எப்படிப் போகிறது என்று அமெரிக்க ராணுவ ஆய்வுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, வெப்பத்தைத் தேடிப்போகும் ஏவுகணைகளுக்காக. கில்பர்ட் பிளாஸ் என்ற இயற்பியலாளர் அந்த விவரங்களை வைத்துக் கணினியில் கணக்கிட்டு, 1956-இல் இரண்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு 3.6 டிகிரி என்றார். ஆங்ஸ்ட்ராம் தடை அத்தோடு போயிற்று. இணையத்தில் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

14 மார்ச்

"ஐயா, மேலே இருப்பது குளிர்ந்த காற்று. குளிர்ந்தது சூடானதைச் சூடாக்காது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. நான் ஐஆர் கன் (தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புக் கருவி) வைத்து இரவு வானத்தைப் பார்த்தேன், மைனஸ் காட்டுகிறது. இதுவா தரையைச் சூடாக்குகிறது?"

சோதனை செய்து பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், அதற்கே பாராட்ட வேண்டும்.

முதலில் விதி. சூடாக்குவது சூரியன். குளிர்ந்த வானம் செய்வது, தரையிலிருந்து வெப்பம் போகும் வேகத்தைக் குறைப்பது. மார்கழியில் நாம் போர்த்திக்கொள்ளும் கம்பளி நம் உடம்பைவிடக் குளிர்ந்ததுதான், ஆனாலும் உள்ளே சூடு தங்குகிறது. நிகரக் கணக்கில் வெப்பம் எப்போதும் தரையிலிருந்து மேலேதான் போகிறது. விதி எங்கேயும் மீறப்படவில்லை.

எண்ணைப் பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கும். உலக சராசரியில் தரை சூரியனிடமிருந்து உறிஞ்சுவது சதுர மீட்டருக்கு 160 வாட் அளவில். வானத்திலிருந்து கீழே வரும் அகச்சிவப்புக் கதிர் 340 அளவில். அதாவது வெயிலைவிட இரண்டு மடங்கு. தரை வீசுவது 400-ஐ ஒட்டி. இவை கருவிகள் வைத்து இரவும் பகலும் அளக்கப்படும் கதிர்கள்.

இனி உங்கள் ஐஆர் கன். அது பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரை மட்டும். அப்படித்தான் அதைச் செய்வார்கள். ஏனென்றால் காற்று கதிரை அதிகம் விழுங்காத ஜன்னல் அதுதான். நடுவில் இருக்கும் காற்று குறுக்கே வந்தால் தூரத்திலிருந்து பைப் வெப்பத்தை எப்படி அளப்பது? ஆகவே நீங்கள் வானத்தை நோக்கிப் பிடிக்கும்போது அது கார்பன் டை ஆக்சைடின் 15 மைக்ரானைத் தவிர்த்துவிட்டு, வானத்தின் மிகக் குளிர்ந்த நிறத்தை, அதாவது அலைநீளத்தை, மட்டும் பார்க்கிறது. 15 மைக்ரானைப் பார்க்கும் கருவி இருந்தால் தலைக்கு மேல் சில மீட்டரில் உள்ள காற்றின் வெப்பத்தையே காட்டும், இருபத்தைந்தோ முப்பதோ.

அந்தக் கன்னை வீசிவிடாதீர்கள். தை மாதம் வானம் தெளிந்த இரவில் ஒருமுறை, மழைக்கு முன் தாழ்ந்த மேகம் மூடிய இரவில் ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து பிடித்துப் பாருங்கள். தெளிந்த வானத்தில் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ போகும். மேகம் வந்தால் பதினைந்து, இருபது என்று ஏறிவிடும். மேகத்துளிகள் அந்த ஜன்னலையும் அடைத்துவிடுகின்றன. மேகம் மூடிய ராத்திரியில் புழுங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

15 மார்ச்

ஜன்னல் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் உண்டு. அலகாபாத் பக்கம் அந்தக் காலத்தில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி தயாரித்தார்கள். மின்சாரம் கிடையாது, இமயமலையிலிருந்து கொண்டுவருவதும் கிடையாது. தரையில் ஆழமில்லாத குழி வெட்டி, கரும்புச் சக்கையோ வைக்கோலோ பரப்பி, அதன்மேல் மெல்லிய மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்றின் வெப்பம் உறைநிலைக்கு மேலே இருந்தாலும் விடியலில் சட்டியில் பனிக்கட்டி இருக்கும். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். மேகமோ காற்றோ வந்துவிட்டால் பனிக்கட்டி பிடிக்காது. வறண்ட, தெளிந்த வானத்துக்குத் தண்ணீர் தன் வெப்பத்தை நேராக வீசிவிடுகிறது, வைக்கோல் கீழேயிருந்து வெப்பம் வராமல் பார்த்துக்கொள்கிறது. மண்சட்டி வழியே ஆவியாதலும் கொஞ்சம் உதவியிருக்கும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுவதும் இதே கணக்குதான். 2,200 மீட்டருக்கு மேலே தலைக்கு மேல் உள்ள நீராவி குறைவு, வானம் தெளிவு. தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாகிவிடும். சந்திரனில் காற்றே இல்லை. சூரியனிலிருந்து நாம் இருக்கும் அதே தூரம்தான், ஆனால் பகலில் 120 டிகிரி வரை, இரவில் மைனஸ் 130-க்கும் கீழே.

23 மார்ச்

"செவ்வாயில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அங்கே ஏன் உறைகிறது?"

இந்த இழையில் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சதவீதத்தை விடுங்கள், எடையையே எடுத்துக்கொள்ளலாம். செவ்வாயின் காற்று மெலிதானாலும் ஒரு சதுர மீட்டருக்கு மேலே அங்கே 150 கிலோவுக்கு அதிகமாக கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. நம்மிடம் ஆறரை கிலோ. ஆக இருபது மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் அங்கே இந்த விளைவால் கூடும் வெப்பம் சில டிகிரிகள் மட்டுமே.

இதற்கு விடை, நான் "எதுவும் செய்யாதது" என்று ஒதுக்கிய நைட்ரஜனிடம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு விழுங்குவது ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளாக. மூலக்கூறுகள் தனியே நின்றால் அந்தக் கோடுகள் ஊசி போல இருக்கும், இடைவெளி வழியே கதிர் தப்பிவிடும். அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருந்தால் கோடுகள் அகலமாகி இடைவெளிகள் அடைபடும். பூமியில் இடிப்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும். செவ்வாயில் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, இடிக்க ஆளில்லை. கூடவே நீராவியும் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே நைட்ரஜன் கதிரை விழுங்காவிட்டாலும், விழுங்குகிறவனுக்குத் துணை நிற்கிறது. 2-ஆம் தேதி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

வெள்ளி இதற்கு நேர் எதிர். 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் நம்மைப்போல் 90 மடங்கு, தரையில் 460 டிகிரி. இத்தனைக்கும் அதன் மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அடித்துவிடுவதால் வெள்ளி உறிஞ்சும் வெயில் பூமியைவிடக் குறைவு. சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூடு என்பது எடுபடாது.

2 ஏப்ரல்

நீராவிதானே பெரிய ஆள், அதை ஏன் யாரும் குறை சொல்வதில்லை என்கிறார்கள்.

பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. 33 டிகிரியில் பெரும்பங்கு நீராவிக்கும் மேகத்துக்கும்தான். ஆனால் அது தானாக முடிவெடுக்காது. காற்றில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. ஒரு டிகிரி கூடினால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம் தாங்கும். அளவு மீறினால் மழையாகக் கொட்டிவிடும், காற்றில் அது தங்குவது பத்து நாள் அளவுக்குத்தான். கார்பன் டை ஆக்சைடு மழையாகப் பெய்வதில்லை. போட்டதில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அது கொஞ்சம் சூடாக்கும், அந்தச் சூட்டில் நீராவி கூடும், நீராவி மேலும் சூடாக்கும். கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் நேரடி விளைவு சதுர மீட்டருக்கு 3.7 வாட், வெப்பத்தில் ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. நீராவி முதலான எதிர்வினைகள் சேர்ந்ததும் ஏறக்குறைய மூன்று.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். "கூட்டக் கூட்ட விளைவு குறையும்" என்று சொல்பவர்களின் பேச்சில் பாதி சரி. தொழில்யுகத்துக்கு முன் இருந்த 280-லிருந்து 560 பிபிஎம் (பத்து லட்சம் மூலக்கூறில் எத்தனை என்ற அளவு) போக 3.7 வாட் என்றால், அடுத்த 3.7-க்கு 1,120 வரை போக வேண்டும். ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஒரே அளவு. குறைகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. நாம் 280-லிருந்து ஏற்கெனவே ஒன்றரை மடங்கு வந்துவிட்டோம்.

19 ஏப்ரல்

"கணக்கெல்லாம் சரி, கண்ணால் பார்த்தது என்ன?"

1970-இல் நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பூமி வீசும் கதிரை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்தது. அந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 10 மைக்ரான் பக்கம் கதிர் தாராளமாக வருகிறது. 15 மைக்ரானில் திடீரென்று ஆழமான பள்ளம். அந்தப் பள்ளத்தில் வரும் கதிர் மைனஸ் 50 டிகிரியில் உள்ள பொருள் வீசும் அளவுதான். அதாவது அந்த நிறத்தில் பூமியைப் பார்த்தால் தரை தெரியவில்லை, உயரத்தில் உள்ள குளிர்ந்த காற்று மட்டும் தெரிகிறது. மார்ச் 9-இல் சொன்னதன் நேரடிப் படம் அது. 1997-இல் ஜப்பானியச் செயற்கைக்கோளில் இருந்த இன்னொரு கருவியின் அளவீட்டை இதோடு ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். இடையில் கூடிய வாயுக்களுக்குரிய இடங்களில் வெளியேறும் கதிர் மாறியிருந்தது.

தரையிலிருந்தும் அளந்திருக்கிறார்கள். ஒக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் வானத்தை நோக்கி வைத்த கருவிகளில் 2000 முதல் 2010 வரை கார்பன் டை ஆக்சைடின் நிறத்தில் கீழே வரும் கதிர் சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியது. அந்தப் பத்தாண்டில் காற்றில் கூடியது 22 பிபிஎம்.

என்னைக் கேட்டால் இதைவிட வலுவான சாட்சி ஸ்ட்ராட்டோஸ்பியர், அதாவது மேகங்களுக்கு மேலே ஓசோன் இருக்கும் காற்றடுக்கு. சூரியன் கூடுதலாகக் காய்வதுதான் காரணம் என்றால் கீழேயும் மேலேயும் எல்லாம் சூடாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணம் என்றால் கீழே சூடாகி மேலே குளிர வேண்டும், ஏனென்றால் மெலிந்த மேல்காற்றில் அந்த வாயு கூடினால் விண்வெளிக்கு வீசி வெப்பத்தை இழப்பதும் கூடும். மனாபே, வெதரால்டு என்ற இரு பருவநிலை விஞ்ஞானிகள் 1967-லேயே கணக்கிட்டு இப்படித்தான் ஆகும் என்று எழுதினார்கள், அளந்து பார்க்கச் செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே. அப்புறம் அளந்தார்கள். ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு, மேல்பகுதியில் முக்கியக் காரணம் கார்பன் டை ஆக்சைடுதான். மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஐம்பது வருடம் கழித்துக் கிடைத்தாலும் எனக்கு அன்றைக்கு மனம் நிறைந்திருந்தது.

20 ஏப்ரல்

கூடிய வாயுவுக்குக் காரணம் எரிமலை என்கிறார்கள். எரிமலைகள் ஒரு வருடத்தில் விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே.

11 மே

காற்றில் கூடியிருக்கும் கார்பன் நாம் எரித்ததுதான் என்று எப்படித் தெரியும் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று, கார்பன்-14, தானாகவே மெல்லச் சிதையும் ஒரு வகைக் கார்பன். உயிருள்ளவற்றில் அது இருக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் முழுவதும் சிதைந்து போயிருக்கும். அது இல்லாத கார்பன் காற்றில் சேர்வதை ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1955-லேயே மரவளையங்களில் கண்டார். இரண்டு, காற்றில் ஆக்சிஜன் குறைந்துவருகிறது. மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, ஆனால் எரிந்தது எவ்வளவு என்பதோடு ஒத்துப்போகும் அளவுக்கு. கடலிலிருந்து சும்மா வெளியே வந்த வாயுவாக இருந்தால் ஆக்சிஜன் இப்படிக் குறையாது.

எங்கள் அனலைசர் ஃப்ளூ கேஸில் காட்டியது 12, 13, 14 சதவீதம். ஆக்சிஜன் 3, 4. இந்த இரண்டு எண்ணும் சரியாக இருந்தால் எரிதல் சரி, ஷிஃப்ட் நிம்மதி. 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மாதாமாதம் ரயில் ரயிலாக வந்த கரியை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மின்சாரத்தில்தான் ஊரில் பம்ப்செட் ஓடியது, பிள்ளைகள் இரவில் படித்தார்கள், என் குடும்பம் சாப்பிட்டது. அந்த வேலையைப் பற்றி எனக்குக் குறைவான எண்ணம் கிடையாது. ஆனால் நான் நின்று ரீடிங் எடுத்த அந்த வாயுவில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இன்னும் காற்றில் இருக்கிறது, மீதியைக் கடலும் செடிகொடிகளும் வாங்கிக்கொண்டன. அதைத் தெரிந்துகொண்டு தெரியாததுபோல் பேச என்னால் முடியாது. 0.04 சதவீதம் என்று யாராவது கையை விரிக்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

8 ஜூன்

ஹவாயில் மௌனா லோவா ஆய்வு நிலையத்தில் மே மாதச் சராசரி முதல் முறையாக 430 பிபிஎம்-ஐத் தாண்டியது. சார்லஸ் கீலிங் 1958-இல் அங்கே அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. மே மாதம் எப்போதும் வருடத்தின் உச்சம். அதன்பிறகு வடக்குக் கோளத்து மரங்கள் தழைத்து இழுத்துக்கொள்வதால் செப்டம்பர் வரை இறங்கும்.

கீலிங் அங்கே வைத்த கருவியும் அகச்சிவப்பு அனலைசர்தான். எங்கள் பாய்லர் ஹாலில் இருந்ததன் அதே தத்துவம். எந்தக் குணம் பூமியைச் சூடாக்குகிறதோ அந்தக் குணத்தை வைத்தேதான் அந்த வாயுவை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வெப்பக் கதிரை விழுங்காது என்று வைத்துக்கொண்டால் கீலிங்கின் கருவி காலமெல்லாம் பூஜ்யத்தில் நின்றிருக்க வேண்டும்.

15 ஜூன்

கடைசியாகக் கேட்டவருக்கு. கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் எத்தனை டிகிரி கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்லும் எண்ணில் ஏன் இவ்வளவு அகலம்? 1979-இல் சார்னி தலைமையிலான அமெரிக்க விஞ்ஞானிகள் குழு 1.5 முதல் 4.5 என்றது. 2021-இல் ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) 2.5 முதல் 4, நடுவில் 3 என்றது. நாற்பது வருடத்தில் இவ்வளவுதானா?

காரணம் பெரும்பாலும் மேகம். கதிரின் கணக்கில் யாருக்கும் சந்தேகமில்லை, 3.7 வாட்டில் சண்டையில்லை. ஆனால் தாழ்ந்த தடித்த மேகம் வெயிலைத் திருப்பி அடித்துக் குளிர்விக்கும், உயரத்தில் உள்ள மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மொத்தத்தில் இன்றைக்கு மேகங்கள் பூமியைக் குளிர்வித்துக்கொண்டுதான் இருக்கின்றன. சூடு கூடும்போது அவை எப்படி மாறும் என்பதுதான் கேள்வி. அதிலும் பெரு, கலிபோர்னியா, நமீபியா கரைகளுக்கு அப்பால் கடல்மேல் பாய் விரித்ததுபோல் கிடக்கும் தாழ்ந்த மேகங்கள். அவை சில நூறு மீட்டர் தடிமன்தான். உலகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளில் ஒரு சதுரமே பல பத்துக் கிலோமீட்டர், மேகம் அதற்குள் தெரியாது. இதுவரை கிடைத்த செயற்கைக்கோள் அளவீடுகள் சூட்டில் இந்த மேகங்கள் மெலியும் பக்கமே சாய்கின்றன. மெலிந்தால் கடல் கூடுதலாக வெயில் வாங்கும். அதனால்தான் கீழ் எல்லை 1.5-லிருந்து 2.5-க்கு ஏறியது. மேல் எல்லை அவ்வளவு இறங்கவில்லை.